கெட்டுவள்ளத்தில் ஒட்டு வேலை

கேரளத்துக்காரர்கள் படகுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள் — 'கெட்டுவள்ளம்'! கெட்டுப்போன வள்ளமோ என்று நம்மவர்களுக்குக் கொஞ்சம் கிலி பிடிக்கும். பயம் வேண்டாம். மலையாளத்தில் 'கெட்டு' என்றால் கட்டு. ஆணியே அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியதால் அந்தப் பெயர். அதன் மேல் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசிக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தவை இவை. லாரிகள் வந்தன, வள்ளங்கள் கரை ஒதுங்கின. 1990-களில் உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள்; வள்ளங்களுக்கு மறுபடியும் யோகம் அடித்தது. நெல் கிடந்த இடத்தில் இப்போது கட்டில், மெத்தை, குளிர்சாதனம்!

ஆலப்புழையின் தென்னையும் கரிமீனும் அஸ்தமனமும் நேயர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். ஆகவே, காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செப்பனிடுவதற்காகக் கரையில் கட்டியிருந்த ஒரு வள்ளத்துக்குள் நுழைந்தேன்.

படுக்கையறைச் சுவர் முழுவதும் தேக்கு. "தேக்கு இல்லை ஸார், தேக்கின் தோல்!" என்று திருத்தினார் மூத்தாசாரி. உள்ளே பிளைவுட், மேலே அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய 'வெனீர்'. ஜன்னலுக்குக் கீழே அந்தத் தோல் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி, ஓரம் கிழிந்து தொங்கியது.

வள்ளத்தின் சொந்தக்காரருக்கு அவசரம். சீஸன் நேரம், கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வாடகை நஷ்டம். "ஆசாரி, ரப்பர் பசையைத் தடவி இன்றைக்கே ஒட்டிவிடும். நாளைக்கு ஆள் வருகிறது!" என்றார்.

"ஒட்டலாம் முதலாளி. மழைக் காலத்தில் மறுபடியும் என்னைக் கூப்பிடுவீர்கள்" என்றார் மூத்தாசாரி, உளியைத் தீட்டிக்கொண்டே.

பசையில் இத்தனை ஜாதியா என்று எனக்கு வியப்பு. அவருடைய தகப்பனார் காலத்தில் வஜ்ஜிரந்தான். தோலைக் காய்ச்சி எடுத்த பசை. வீட்டு அலமாரியில் தலைமுறைக்கும் நிற்கும். ஈரம் பட்டால் இளகிவிடும். 'ஃபெவிகால்' என்று ஊரே சொல்லும் வெள்ளைப் பசையிலும் தண்ணீர் தாங்குகிற வகை உண்டு. சாதாரண வகைக்குப் படகில் வேலை இல்லை. ரப்பர் பசை இருக்கிறதே, அது அவசரக்காரர்களின் அருமைத் தோழன். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டுச் சேர்த்தால் அந்த நிமிஷமே பிடித்துக்கொள்ளும். கோணலாக வைத்துவிட்டால் நகர்த்த முடியாது. வெயிலில் அறை கொதித்தால் பசை தளர்ந்து, வெனீர் குமிழியிடும். மூடிய அறையில் அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். ஒரு தீக்குச்சி போதும், அறையே பற்றிக்கொள்ளும்.

மூத்தாசாரியின் தேர்வு எபாக்ஸி. இரண்டு டப்பா, சொன்ன அளவில் கலக்க வேண்டும். அளவு பிசகினால் இறுகவே இறுகாது. கிண்ணத்தில் குவித்து வைத்தாலோ, தானே சூடேறிக் கல்லாகிவிடும்! அதனால் அகலமான தட்டில் பரப்பிக்கொண்டார்.

ஆனால் பசையைத் தொடுவதற்கு முன் அவர் செய்த காரியந்தான் எனக்குப் பிடித்தது. உரிந்த வெனீரை அகற்றி, ஜன்னல் சட்டத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். சட்டத்தின் மூலையில் புகுந்த தண்ணீர் பிளைவுட் வழியே சுவரில் கசிந்தது. "பசை மேல் பழி போட்டீர்களே முதலாளி!" என்றார். சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டார். வாடகைக்கு வர இருந்தவர்களை வேறு வள்ளத்துக்கு அனுப்பும்படி முணுமுணுத்துக்கொண்டே போன் செய்தார்.

மூலையை அடைத்தார்கள், ஊறிப்போன பிளைவுட்டை வெட்டி எடுத்துக் கப்பல் ரகப் பலகையைப் பொருத்தினார்கள். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி தட்டினார்கள். பசையை மெல்லியதாகத்தான் பூச வேண்டும்; அதிகமானால் வெனீரின் நுண்துளை வழியே மேலே வந்து கறையாகிவிடும். புது வெனீரை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். மேலே பாலிதீன் தாள்; அதற்கு மேல் பலகை. சுவரில் மணல் மூட்டை நிற்காதே! எதிர்ச் சுவரிலிருந்து மூங்கிலை முட்டுக் கொடுத்து ஆப்பு இறுக்கினார். தாள் இல்லாவிட்டால் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிடும்.

மறுநாள் காலையில் முட்டை எடுத்ததும் விரல் கணுவால் சுவர் முழுக்கத் தட்டினார். டொக், டொக், டொக்... ஓர் இடத்தில் மட்டும் 'டப்' என்று வெற்று ஓசை. எட்டணா அகலம் இருக்கும். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிளேடால் மர ரேகையோடு ஒரு கீறல் போட்டு, ஊசிக் குழலால் பசையைச் செலுத்தி, மூங்கிலை மறுபடியும் எடுத்தார்.

"இன்னும் ஓர் இரவு, முதலாளி!"

சொந்தக்காரர் மறுபடியும் போனைத் தேடினார்.