அம்முவுக்கு அத்தை எழுதுவது

பண்ருட்டி

அன்புள்ள அம்முவுக்கு,

நிதி திரட்ட நீ தயாரித்து அனுப்பிய இணையப் பக்கத்தை உன் மாமா கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே ‘இப்பல்லாம் அப்படித்தான் அத்தை’ என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

‘முந்திரிக்காட்டுப் பிள்ளைகளின் கனவுக்குச் சிறகு கொடுங்கள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். சிறகெல்லாம் வேண்டாம் அம்மு. நம் மாலை வகுப்புக்கு வேண்டியது வாடகையும் இரண்டு டீச்சருக்குச் சம்பளமும். அதையே தலைப்பில் போடு. சுவாரசியமாக இருக்காது என்பாய், இருக்காதுதான். ஆனால் தன் முந்நூறு ரூபாய் எங்கே போகிறது என்று கொடுக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து அந்தப் படம். பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்தது. அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் அம்மாவின் கை, கொட்டை எண்ணெய் பட்டுக் கருத்துப்போன விரல்களோடு. படம் நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவிடமும் ஃபோன் இருக்கிறது. காடாம்புலியூர்ப் பக்கம் எந்த முந்திரி கம்பெனியில் பார்த்தாலும் பெண்கள் மடியில் ஃபோன் இருக்கும். நீ பெங்களூரில் போடுகிற படம் சாயங்காலத்துக்குள் அவர்கள் தெருவுக்கு வந்துவிடும், மறுநாள் முதலாளி கைக்கும் போய்விடும். ‘என் கம்பெனி பேரை ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கியே’ என்று அவர் கேட்டால் வேலை போவது அவளுக்கு. உனக்கோ எனக்கோ இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டிப் பணம் வாங்கினால், கொடுக்கிறவர் அந்தப் பெண்ணுக்குத்தான் கொடுக்கிறார். நாமோ அதை எடுத்து வாடகை கட்டப் போகிறோம். விளம்பரங்களைக் கண்காணிக்கிற ஆஸ்கி அமைப்பு, தரும காரியங்களுக்கான விளம்பரங்களுக்கென்றே 2023-இல் விதிமுறை வெளியிட்டது. ஒருவரின் படத்தைப் போட்டால் பணம் அவருக்கா, பொதுவான செலவுக்கா என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. விதி இல்லாவிட்டாலும் அதுதானே நியாயம்? வகுப்பு நடக்கிற கூடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கரும்பலகை, பாய், நம் சுண்டல் அண்டா எல்லாம் தெரிகிற மாதிரி.

இலக்கு 15 லட்சம் என்று போட்டிருக்கிறாய். பெரிதாகக் கேட்டால்தான் பாதியாவது வரும் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். பெரிய தொகை சேர்ந்த கதைகளை நானும் பார்த்திருக்கிறேன். 2021-இல் நாமக்கல் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டைப் பாதிக்கிற தசைச்சிதைவு நோய். ஒரே ஒரு ஊசி, விலை 16 கோடி. முகம் தெரியாதவர்களெல்லாம் நூறும் ஆயிரமுமாகப் போட்டுப் பணம் சேர்ந்தது. இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அந்த நாட்களில் நானும் தினமும் ஃபோனைத் திறந்து எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு குழந்தை, ஒரு மருந்து, ஒரு தொகை, ஒரு கெடு என்று எல்லாம் தெளிவாக இருந்தது. இந்த நிதி திரட்டும் தளங்களுக்குப் பழக்கமான கதை அதுதான். மிலாப் 2010-இல் தொடங்கியபோது ஏழைகளுக்குச் சிறு கடன் திரட்டிக் கொடுக்கிற தளமாகத்தான் இருந்தது. இன்று அதைத் திறந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் படுகிறது. 2012-இல் வந்த கெட்டோவும் அப்படித்தான். தப்பென்று சொல்லவில்லை, வைத்தியச் செலவுக்கு வழியில்லாத நாட்டில் வேறு எங்கே போவார்கள்? ஆனால் அந்தக் கட்டில்களுக்கு நடுவில் நம் பாயை விரித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நம் வகுப்பு நின்றுபோனால் யாரும் சாகப் போவதில்லை. ஒரு பெண் ஒன்பதாவதோடு படிப்பை விட்டுக் கொட்டை உடைக்கப் போவாள், அவ்வளவுதான். அதற்குக் கெடு தேதி கிடையாது.

அதனால் கணக்கை அப்படியே எழுது. இரண்டு டீச்சருக்கு ஐந்தைந்தாயிரம், வாடகை 3,000, சுண்டலுக்கும் நோட்டுக்கும் கரண்டுக்கும் 5,000. மாதம் 18,000. அறுபது பேர் மாதம் 300 ரூபாய் கொடுத்தால் போதும். ஒரே தடவையில் வந்து விழுகிற 15 லட்சத்தைவிட, நின்றுவிடாமல் வருகிற அந்த அறுபது பேர்தான் எனக்கு முக்கியம். யுபிஐ ஆட்டோபே 2020-இலேயே வந்துவிட்டது. ஒருமுறை சம்மதம் கொடுத்தால் மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அவர்களே நிறுத்திக்கொள்ளலாம். நீ பார்க்கிற தளத்தில் மாத நன்கொடைக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்.

கட்டணத்தையும் பார்த்துக்கொள். ‘எங்களுக்கு ஒரு பைசா வேண்டாம்’ என்று சொல்கிற இடத்தில்கூடப் பணம் கட்டுகிற கடைசிப் பக்கத்தில் ‘டிப்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு சதவீதமும் முன்கூட்டியே நிரப்பியிருக்கும். கவனிக்காதவர் 300-க்குப் பதில் 340, 350 கட்டிவிட்டு, நாம்தான் வாங்கினோம் என்று நினைப்பார். தளம் நடத்துகிறவர்களுக்கும் சம்பளம், வாடகை உண்டு, வாங்கட்டும். ஆனால் நீ அனுப்புகிற செய்தியிலேயே ‘அந்தக் கட்டத்தை உங்கள் விருப்பப்படி மாற்றலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடு.

நீ ஆயிரக்கணக்கான அந்நியர்கள் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை. கல்யாண மண்டபத்தில் மொய் எழுத மேசை போட்டு, நோட்டு, பேனா, மஞ்சள் தடவிய தாம்பாளம் எல்லாம் வைக்கிறோம். மேசை அழகாக இருக்கிறதென்று ரோட்டில் போகிறவன் உள்ளே வந்து மொய் எழுதுவதில்லை. பத்திரிகை வைத்தவன்தான் வருகிறான், அதிலும் நாம் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தால்தான். நீ கட்டியிருப்பது மேசை. இனிமேல்தான் பத்திரிகை வைக்க வேண்டும்.

பேர் தெரியாதவர்களும் கொடுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் எப்போது? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது நீ சின்னப் பெண். நீங்கள் இருந்த நெய்வேலி டவுன்ஷிப்பிலும் மரம் விழுந்தது, ஆனால் இந்தப் பக்கம் விழுந்தது பிழைப்பு. தாத்தா நட்ட பலாவும் முந்திரியும் ஒரே காலையில் வேரோடு போயின. முந்திரி மறுபடி காய்க்கச் சில வருஷம் ஆகும், பலாவுக்கு இன்னும் நாளாகும். விகடன் தன் வாசகர்களிடம் நிதி திரட்டிக் கடலூர் மாவட்டத்தில் வேலை செய்தது. அந்தப் பணம் வந்தது பத்திரிகைக்கும் வாசகனுக்கும் நெடுநாளாக இருந்த நம்பிக்கையால்தான். பிறகு 2015 நவம்பரில் இதே மாவட்டத்தில் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. மூன்று வாரம் கழித்துச் சென்னை மூழ்கியதும் கேமராக்கள் எல்லாம் அங்கே போய்விட்டன, பணமும் கூடவே போனது. சென்னைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றார்கள். எல்லோர் கண்ணும் பட்ட இடத்துக்கு எல்லோர் பணமும் போகும் என்று சொல்கிறேன். நம் வகுப்பின் மேல் அப்படிக் கண் படப்போவதில்லை. பட வேண்டாம் என்றுகூடச் சில நேரம் நினைக்கிறேன்.

நமக்கு இருக்கிற ஆட்கள் யார்? உன்னோடு டவுன்ஷிப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். எந்த வட்டத்தில் குடியிருந்தோம் என்று கேட்டே பாதி உறவைக் கண்டுபிடித்துவிடுகிற கூட்டம் அது. இன்று சிங்கப்பூர், டெக்சாஸ் என்று பரவிக் கிடக்கிறார்கள். சீசனில் பண்ருட்டிப் பலாப்பழம் தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நீ இருக்கிறாய், அதுதான் உன் பத்திரிகை. ஆளுக்கு ஆள் தனியாக எழுது. மொத்தமாக லிங்க்கைப் போட்டால் கும்பிடு பொம்மை நாலு வரும், அதோடு சரி.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு, ஆடிட்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவரிடம் வாங்கக் கூடாது, அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி. அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ்ப் பதிவு வேண்டும். அது வேண்டுமானால் டிரஸ்டுக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் சேவைக்கென்று 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். நம் கணக்கில் அந்தத் தொகை வருமா, நீயே கூட்டிப் பார். பணத்தையும் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும். அதனால் டெக்சாஸ் நண்பர்களிடம் பாஸ்போர்ட்டை விசாரித்துவிட்டுக் கேள். சங்கடமான கேள்விதான், பிறகு உள்துறை அமைச்சகத்துக்கு நான் பதில் சொல்வதைவிட அது மேல்.

80ஜி ரசீது கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லை, உன் ஆபீஸில் பலரும் அதில்தான் இருப்பார்கள். பழைய முறையில் இருப்பவருக்குக் கொடுத்ததில் பாதிக்குக் கழிவு உண்டு. ஆனால் அவர்களுடைய பான் எண்ணை வாங்கி, மே 31-க்குள் நாம் வரித் துறையில் படிவம் ஏற்றினால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் வரும். அந்த எண்ணைக் கேட்கிற வேலை உன்னுடையது. நான் கேட்டால் ஓடிபி கேட்கிற மோசடிக் கிழவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘அரசாங்கமே நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று இணையத்தில் நிதி திரட்டுகிறதே’ என்று எழுதியிருந்தாய். 2022 டிசம்பரில் முதல்வர் அதைத் தொடங்கி வைத்தார், தன் பங்காக 5 லட்சம் கொடுத்தார். விஸ்வநாதன் ஆனந்தைத் தூதராகப் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: படித்த பள்ளிக்கூடத்தைப் பேர் சொல்லித் தேர்ந்தெடுத்து, இன்ன வேலைக்கு என்று கொடுக்கலாம். கழிப்பறை, சுற்றுச்சுவர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த வழியில் வரும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் அந்த வழியில் வராது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணமும் அப்படித்தான். பெயர்ப்பலகை மாட்ட ஒரு சுவர் இருந்தால் அவர்களுக்கு வசதி.

நம் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867 மே மாதம் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் அங்கே சாப்பிட்டும் இருக்கிறாய். அதற்கான நிலத்தையே பார்வதிபுரத்து மக்கள்தான் கொடுத்தார்கள். இன்றைக்கும் யாரோ அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போகிறார்கள். பந்தியில் உட்காருகிறவரிடம் நீ ஏழையா என்று கேட்பதில்லை. அதற்காக நாம் ஒன்றும் பெரிய ஆள் ஆகிவிடவில்லை, நமக்கு அடுப்பு எரிய ஆட்டோபே வேண்டியிருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறவரின் முகத்தைக் காட்டாமலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருக்கிறது, இல்லையா?

சரி, வேலைக்கு வருகிறேன். தலைப்பை மாற்று, படத்தை எடுத்துவிடு, இலக்கை ஒரு வருடச் செலவான 2,16,000-க்குக் குறை. மாதம் ஒருமுறை வரவு செலவு எழுதி நான் கையெழுத்துப் போட்டு ஃபோட்டோ அனுப்புகிறேன், அதை அப்படியே பக்கத்தில் ஏற்று. கையிருப்பு அதிகமாக இருந்தால் அதையும் மறைக்காதே. ஒரு மாதம் டீச்சர் வராமல் வகுப்பு நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுவேன், நீ வெட்டக் கூடாது. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு நீ வரும்போது உன் நண்பர்கள் யாராவது ஊரில் இருந்தால் ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வா. சொல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, சுண்டல் இருக்கும்.

பக்கத்தில் யாருமே கொடுக்கவில்லை என்று பூஜ்யம் தெரிந்தால் அடுத்தவர் கை வைக்கத் தயங்குவார் என்கிறாய், அது சரிதான். முதல் பெயராக என் பெயரைப் போட்டுவிடு, பென்ஷன் வந்ததும் அனுப்புகிறேன். உன் அப்பாவிடம் மட்டும் இரண்டு வாரம் கழித்துச் சொல். இப்போதே சொன்னால் ஐயாயிரம் போட்டுவிட்டு ஊர் முழுக்க ‘என் தங்கச்சி ஸ்கூலை நான்தான் நடத்துறேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

அன்புடன்,
உன் அத்தை