இரத்தினபுரிக் குன்றில் ஓர் உபதேசியார்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமுடையது. மழைக்குப் பேர்போன பிரதேசம் அது. வழிநெடுக இறப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். ஊர் நெருங்க நெருங்க வயல்களுக்கிடையே இரத்தினக்கல் அகழும் குழிகள் தென்படும். அப்பாற் சென்றால் தேயிலைச் சரிவுகள். வானம் வெளுத்த காலையாயின் சிவனொளிபாதமலையின் கூர்ந்த சிகரமும் காட்சி தரும். பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஒரு சனிக்கிழமை மாலை நாம் அங்குள்ள தோட்டமொன்றுக்குச் சென்றோம்.

லயங்களுக்கு மேலே, தகரக் கூரையிட்ட சிறியதொரு கத்தோலிக்கக் கோயில் இருக்கின்றது. குருவானவர் மாதம் ஒருமுறை வந்து திருப்பலி ஒப்புக்கொடுப்பார். ஏனைய நாட்களிற் கோயிற் பொறுப்பு எழுபதைக் கடந்த ஒரு முதியவருடையது. பால்வெட்டுத் தொழில் செய்து ஓய்ந்தவர் அவர். தோட்டத்தார் அவரை 'உபதேசியார்' என்றே அழைக்கின்றனர்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் வாங்கில் அமர்ந்திருந்தார். அருகே பதினேழு வயதுப் பெண்ணொருத்தி மறுநாள் வழிபாட்டுக்குரிய வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்த நாம் திகைத்தோம். சொற்கள் தமிழ், எழுத்துக்களோ சிங்களம்! அயலிலே உயர்வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாமையாற் சிங்கள மொழியிற் கற்றவள் அவள். சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைகள் பலரின் நிலையும் இதுவே.

உபதேசியார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு பந்தியாகத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதச் செய்கிறார். பிழைவிட்டாலும் இடைமறிப்பதில்லை, முடியும்வரை பொறுத்திருந்து பின்னரே திருத்துகிறார். வாசிப்பு முடிந்ததும், "வா அம்மா, பாட்டியைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று, நோயுற்றுக் கிடந்த மூதாட்டி ஒருத்தியின் வீட்டுக்கு அவளை அழைத்துச் சென்றார். நாமும் உடன்சென்றோம். அங்கே அவர் வாய் திறக்கவில்லை. மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு செபம் சொன்னவள் அந்தப் பெண்ணே.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலத்திலே, 1687 இல், யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தார். பல ஆண்டுகள் தனியொருவராகவே ஊரூராய் அலைந்து பணிபுரிந்தார். தாம் இல்லாத காலத்தில் வழிபாட்டை நடத்தவும் சிறுவர்க்கு ஞானபோதனை செய்யவும் ஊர்கள்தோறும் 'மூப்பர்', 'அண்ணாவி' என முதியோரை நியமித்தார். அவர் 1711 இற் கண்டியிலே காலமானார். 2015 சனவரி 14 இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கெனத் தனி மறைமாவட்டம் அமைந்ததோ 1995 இலேதான். அதற்கு முன்னரும் பின்னரும் தோட்டங்களில் விசுவாசத்தைக் காத்தவர்களுள் இத்தகைய முதியோருக்குப் பெரும் பங்குண்டு.

உபதேசியாருக்கு இளமையிற் செபங்களைக் கற்பித்தவர் ஒரு கங்காணி. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களுள் ஒருவராய்க் கப்பலேறுமுன், அக்கங்காணி கோயிற் சாவியை இவர் கையிற் கொடுத்துச் சென்றாராம். 1981 ஆகஸ்டில் இம்மாவட்டத் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அயலவர் பலர் வீடிழந்து வேறிடம் பெயர்ந்தனர். மிஞ்சிய சில குடும்பங்களைக் கூட்டி, விளக்கைத் தணித்து, லயத்து அறையிலேயே செபமாலை சொன்னதை அவர் நினைவுகூர்ந்தார்.

அந்தப் பெண் அடுத்த மாதம் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவிருக்கிறாள் என்று பின்னர் அறிந்தோம். நமக்கு மனம் கேட்கவில்லை. "இவ்வளவு பாடுபட்டுப் பழக்குகிறீர்கள். அவள் போய்விட்டால் உழைப்பு வீண்தானே?" என்று கேட்டே விட்டோம்.

முதியவர் சிரித்தார். "ஐயா, எங்கள் பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தபோது கோயிலா கூட வந்தது? மனப்பாடமாயிருந்த செபந்தான் வந்தது. இவளும் போகிற இடத்துக்கு அதைக் கொண்டு போகட்டுமே. பக்கத்திற் படுக்கிற பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் கையைப் பிடித்துக்கொள்ளத் தெரியும், அது போதும்" என்றார்.

நாம் சைவர், அவர் வழி வேறு. எனினும், குருவின் அருகிலிருந்து பெறுவதே கல்வி என்பதை நாம் வகுப்பறையில் எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கிறோம். மாணவன் ஒருவனை நோயாளி வீட்டுக்கு அழைத்துச் சென்றதுண்டா என்று எண்ணிப் பார்த்தோம். இல்லை.

மறுநாட் காலை புறப்படுமுன் கோயிலை எட்டிப் பார்த்தோம். உபதேசியார் கடைசி வாங்கில் இருந்தார். பெண் முன்னே நின்று படித்துக்கொண்டிருந்தாள். அவளருகே எட்டு வயதுச் சிறுவனொருவன் அவள் விரலைத் தொடர்ந்து, தானும் ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பந்தி தமிழிலே எழுதப்பட்டிருந்தது.