தரையில் கற்ற பாடம்

நுவரெலியாவில் மாமா வளர்க்கும் குதிரையில் ஏறத்தான் விடுமுறைக்குப் போனேன். "முதல்ல புடிச்சிக்கிட்டு நடங்க மகள்" என்று கயிற்றைத் தந்தார். இழுத்தேன், அது அசையவில்லை. பின்பக்கம் போனேன், பதறித் தடுத்தார். நேர் பின்னால் நிற்பவரைக் குதிரைக்குத் தெரியாதாம், மிரண்டால் உதைக்குமாம். தோள் பக்கமாக நின்று மெல்ல இழுத்து, அது ஓரடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். அந்தத் தளர்வுதான் அதற்குப் பாராட்டு. நடத்துவதும் நிறுத்துவதும் பின்வாங்கச் செய்வதுமாக மூன்று நாட்கள் போயின. எனக்கோ சலிப்பு. நான்காம் நாள் ஏறினேன். திடீரென முச்சக்கரவண்டியொன்று உறுமிக்கொண்டு கடந்தது. குதிரை துள்ளியது. "ஹோ" என்றேன். நின்றது. நடுக்கத்தோடு இறங்கி அதன் தோளைத் தடவினேன். என் குரலை அது தரையிலேயே படித்திருந்தது.