மாவு ஒன்றுதான்

கரீபியக் கடலின் பவளப்பாறைகளில் ப்ளூஹெட் ராஸ் என்றொரு சின்ன மீன் உண்டு. பெண்களும் சில சிறிய ஆண்களும் மஞ்சள் நிறம். பாறையை ஆளும் பெரிய ஆணுக்குத் தலை நீலம், உடல் பச்சை. அந்த ஆண் இல்லாமல் போனால், பெண்களில் பெரியது சில மணி நேரத்துக்குள் ஆணைப்போல் மற்றவற்றை விரட்டத் தொடங்கும். எட்டுப் பத்து நாளில் அதன் சினைப்பை விந்தகமாகி, விந்தணுவும் தரும். தமிழ் இலக்கணத்துக்கு இதில் சங்கடமே இல்லை. மீன் முட்டையிட்டது, மீன் விந்து பீய்ச்சியது. அஃறிணை விகுதி அப்படியே இருக்கிறது.

நிறமாற்றத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது உள்ளே நடக்கும் சமையல். 'ஆண் ஹார்மோன்' என்று நாம் பெயர் வைத்த டெஸ்டோஸ்டிரோனைச் சினைப்பையும் தயாரிக்கிறது. அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரடயாலாக மாற்றுகிறது. பால் மாறும்போது அந்த நொதிக்கான மரபணு அடங்க, ஈஸ்ட்ரடயால் சரிகிறது. அதே மூலப்பொருள் வேறு நொதிகளின் கைக்குப் போய், மீன்களின் வீரியமான ஆண் ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் ஆகிறது. மாவு ஒன்றுதான், இட்லியா தோசையா என்பதுதான் கேள்வி.

நம் உடம்பிலும் சினைப்பை ஆண்ட்ரோஜனைச் செய்துதான் ஈஸ்ட்ரஜனாக்குகிறது. நாற்பத்தாறு வயதில் மாதவிடாய் தாறுமாறாகி, மோவாயில் இரண்டு முடி தடித்தபோது, பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், அவரும் பெண்தான், "பெண்தன்மை குறையுதும்மா" என்றார்.

"என்ன குறையுது டாக்டர்?"

"ஈஸ்ட்ரஜன்."

"அப்ப அதை மட்டும் சொல்லுங்க."

காட்வின், க்ரூஸ், வார்னர் மூவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சினைப்பையை அறுத்தெடுத்துவிட்ட பெண்மீன்களும், ஆளும் ஆண் அகற்றப்பட்டதும் ஆணைப்போலவே நடந்துகொண்டன. விந்தகம் வளரவில்லை, வளரவும் வழியில்லை. நடத்தை அதற்காகக் காத்திருக்கவில்லை.

படித்ததும் சித்தி ஞாபகம். முப்பத்தைந்தில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 'வெறும் கூடு' என்றார்கள் சொந்தக்காரர்கள். சித்தப்பா இறந்த பிறகு மளிகைக் கடையை அவள் நடத்தியபோது அதே வாய்கள் 'ஆம்பளை மாதிரி' என்றன. மீனை மனுஷிக்கு உவமையாக்கத் துடிக்கிறது கை; கவிதை எழுதுகிறவளுக்கு இது தொழில் வியாதி. சித்தி மீனல்ல. கல்லாவில் உட்கார அவள் எதுவாகவும் மாற வேண்டியிருக்கவில்லை. எழுபது வயதில் இன்னும் உட்கார்கிறாள். கடன் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்கிறாள், எனக்கும்கூட.