பை-லா என்னும் ஊர்விதி

சொற்களிற் சில மொழிபெயர்க்கும்போதே சிறுத்துப்போகின்றன. நகராண்மை மன்றங்கள் இயற்றும் பை-லா அத்தகைய ஒன்று. மலாய்மொழியில் அதற்கு 'உண்டாங்-உண்டாங் கெச்சில்', அதாவது சிறிய சட்டம், என்று பெயர். தமிழிலே உபவிதி, துணைச் சட்டம் என்கிறோம். நம்மைப்போல் ஆங்கிலப் பள்ளியிற் படித்த கிராணிமாரிற் பலரும், 'பை' என்றால் பக்கம். பெருஞ் சட்டத்தின் பக்கத்தில் ஒட்டி நிற்பதே பை-லா என்று லயத்து மக்களுக்கு விளக்கம் சொல்லிவிடுகின்றனர்.

சொல்லின் பிறப்போ வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திற் குடியேறிய டென்மார்க்கு முதலிய வடதேசத்தார் ஊரைக் குறிக்க வழங்கிய சொல் அது. டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஒலி 'பி' ஆயினும் எழுத்து ஒன்றுதான். 'லா' என்பதும் அவர்கள் தந்ததே. ஆகவே பை-லா என்பது ஊரின் சட்டம். மேய்ச்சலுக்கும் அறுவடைக்கும் கதிர் பொறுக்குவதற்கும் ஆங்கிலக் கிராமத்தார் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டளை அது. சிறுமை என்னும் பொருள் அதில் இல்லை.

அப்படியானால் நமது ஊர்க்கட்டுப்பாடும் அதுதானே என்று பழம்பெருமை பேசுவோர் எழுந்து உத்தரமேரூரைக் காட்டுவர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்தது மெய். ஆனால் குடத்திற் பெயர் விழுவதற்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. வேதம் மிகக் கற்றவனுக்கு மட்டும் அரைக்கால் வேலி போதுமாம்! அந்நிலத்தை உழுதவன் பெயருக்கு அக்குடத்தில் இடம் ஏது? ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயராலேயே குளத்துத் துறையும் கோயில் வாயிலும் எத்தனை பேருக்கு அடைக்கப்பட்டன! ஊர் என்பதில் யார் யார் அடக்கம் என்று கேளாமல் ஊர்விதியைப் போற்றுவதற்கில்லை.

மலாக்காவிலும் அதே கேள்விதான். 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பை-லா இயற்றும் அதிகாரத்தை மன்றங்களுக்கு அளிக்கிறது. மாநில அரசு உறுதிசெய்து அரசிதழில் வெளியிட்ட பின்னரே அது செல்லும். மன்ற உறுப்பினரை நியமிப்பதும் மாநில அரசே. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் திரும்பவில்லை. அங்காடிக்காரனின் உரிமச்சீட்டையும் வீட்டு நாயின் உரிமத்தையும் தீர்மானிக்கும் விதிகளை எழுதுவோர் யாரென்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அவ்வூராரைக் கேட்டால், பெயர் சொல்லக்கூடியவர் சிலரே.

'சிறிய சட்டம்' என்ற பெயர்தான் இதற்குப் பொருத்தம் என்று நண்பர் ஒருவர் கேலி பேசுகிறார். நாம் ஊர்விதி என்றே எழுதிவருகிறோம்.