ஃபார்வர்டு, ஆக்வர்டு, பேக்வர்டு... வார்த்தையின் வாலில் ஒரு திசை!

ஒரு நாளைக்கு எத்தனை முறை 'ஃபார்வர்டு' என்கிறோம்? காலை வணக்கம் படம், ஸ்கூல் லீவு வதந்தி, மூட்டுவலி வைத்தியம்... எல்லாமே ஃபார்வர்டுதான். ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி, 2018-ல் வாட்ஸ்அப்பே இந்தியர்களுக்குக் கடிவாளம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதுவதுதான் டெஸ்க்கில் எனக்கு தினசரி வேலை. அப்படி எழுதும்போதுதான் இந்த 'வர்டு' என்ற வால் என் கண்ணில் பட ஆரம்பித்தது. அப்வர்டு, டவுன்வர்டு, இன்வர்டு, அவுட்வர்டு, ஹோம்வர்டு... எங்கு பார்த்தாலும் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்திலேயே இருந்த பின்னொட்டு இது. 'அந்தப் பக்கம் திரும்பிய' என்பதுதான் அடிப்படை அர்த்தம். 'திருப்பு' என்று பொருள்படும் 'வெர்ட்டெரே' என்ற லத்தீன் சொல் இதற்கு தூரத்துச் சொந்தம். கார் ஓட்டும்போது சொல்லும் 'ரிவர்ஸ்', ஃபைலை மாற்றும்போது சொல்லும் 'கன்வர்ட்' எல்லாம் அந்த லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். நாம் தமிழில் 'மேல்நோக்கி', 'வீட்டை நோக்கி' என்கிறோம். ஆங்கிலம் உடம்பைத் திருப்புகிறது. தமிழ் கண்ணைத் திருப்புகிறது.

இந்தக் குடும்பத்தில் சில ஆச்சர்யங்களும் உண்டு. தெரியாதவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு நெளியும்போது 'ஆக்வர்டா இருக்கு' என்கிறோமே, அதுவும் திசைச் சொல்தான். 'ஆக்' என்றால் அந்தக் காலத்தில் 'தப்பான பக்கம் திரும்பியது'. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைக் குறிக்கும் 'வேவர்டு', 'அவேவர்டு' என்ற சொல் தலையெழுத்தை இழந்து வந்தது. விலகிப் போனவன் என்று அர்த்தம்.

போலீஸ் செய்திகளில் தவறாமல் வரும் 'அன்டுவர்டு இன்சிடென்ட்'டும் இதே வீடுதான். நம்பிக்கை தரும்படி இருப்பவரை ஒரு காலத்தில் 'டுவர்டு' என்றே சொன்னார்கள். அதற்கு எதிர்ப்பதம் 'அன்டுவர்டு'. நாங்கள் 'அசம்பாவிதம்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

வால் ஒரே மாதிரி இருக்கிறதே என்று எல்லோரையும் வீட்டுக்குள் சேர்த்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி 'வார்டு', கவுன்சிலரின் 'வார்டு' இரண்டும் 'காவல்' என்ற அர்த்தமுள்ள வேறொரு சொல்லிலிருந்து வந்தவை. கோழையைக் குறிக்கும் 'கவர்டு' பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குள் இருப்பது திசை அல்ல, நிஜமாகவே ஒரு வால்! 'வால்' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்தான் அதற்கு வேர்.

இதில் எனக்கு நெருக்கமான சொல், 'பேக்வர்டு'.

ஒன்பதாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பும் நாள். "பேக்வர்டு எல்லாம் எழுந்திரிங்க" என்றார் டீச்சர். எழுந்து நின்றேன். அந்த ஆண்டு கணக்கில் நான்தான் வகுப்பில் முதல் மார்க். பக்கத்து பெஞ்ச் தோழி என்னைப் பார்த்து, "நீ எப்படி பேக்வர்டு?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். அவர் டெய்லர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பீரோவிலிருந்து சாதிச் சான்றிதழை எடுத்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "பிற்பட்டோர்னா போட்டிருக்கு? 'பிற்படுத்தப்பட்டோர்'னு இருக்கு பாரும்மா. நாமளா போய் பின்னாடி நிக்கல. நிக்க வெச்சாங்க."

அன்று அது எனக்குப் பாதிதான் புரிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 340-வது பிரிவு, சமூகத்திலும் கல்வியிலும் 'பேக்வர்டு' ஆன வகுப்பினரின் நிலையை ஆராய ஆணையம் அமைக்கலாம் என்கிறது. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் ரத்தான பிறகு, 1951-ல் வந்த முதல் திருத்தத்திலும் அதே சொல்தான். சட்டம் நல்லதைத்தான் செய்தது. ஆனால், 'வர்டு' என்ற வாலுக்குத் திசையை மட்டும்தான் காட்டத் தெரியும். யார் தள்ளியது என்று அது சொல்லாது. தமிழில் 'படுத்தப்பட்ட' என்று சேர்த்ததும், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

இப்போதும் ஏஜென்சி செய்திகளில் 'பேக்வர்டு வில்லேஜ்', 'பேக்வர்டு டிஸ்ட்ரிக்ட்' என்று வரும். 'பின்தங்கிய கிராமம்' என்று தட்டினால் ஐந்து விநாடியில் வேலை முடிந்துவிடும். நான் அப்படி எழுதுவதில்லை. செய்தியை முழுக்கப் படித்து அங்கு என்ன இல்லை என்று தேடுவேன். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும்: பஸ் வராது, ஹைஸ்கூல் கிடையாது, பிரசவத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். அதை முதல் வரிக்குக் கொண்டுவருவேன். 'பஸ் வசதி இல்லாத கிராமம்' என்று எழுதினால், பஸ் விடவேண்டியவர் யார் என்று படிப்பவர்கள் கேட்பார்கள் இல்லையா?