ஆனந்த பவனத்தில் ஒரு பாட்டனார்

பிரயாகைக்கு வரும் நம்மவர்களுக்குப் பொழுது போதுவதே இல்லை. திரிவேணி சங்கமத்தில் நீராடி, வேணி தானம் செய்து, இராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்த மணலைக் கங்கையில் சேர்த்து, செம்பில் தீர்த்தம் எடுத்து முடிப்பதற்குள் காசிக்குப் புறப்படும் வேளை வந்துவிடுகிறது. சங்கமத்தருகே காஞ்சி காமகோடி பீடத்தார் தென்னாட்டுப் பாணியில் எழுப்பியுள்ள சங்கர விமான மண்டபத்தைக் கண்டவுடன் சொந்த ஊருக்கே வந்துவிட்டாற்போன்ற ஒரு மகிழ்ச்சி. அத்துடன் ஊர் பார்த்தாயிற்று என்று மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அலகாபாத் என்று நாம் அறிந்திருந்து, 2018-ஆம் ஆண்டில் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய இந்நகரில் ஆனந்த பவனத்தைக் காணாது திரும்புவது ஒரு குறையே என்பது எங்கள் எண்ணம்.

தலைவர்கள் வாழ்ந்த மாளிகை என்பதற்காக இதைக் கூறவில்லை. அவர்களுடைய அரசியலைப் பற்றி அன்பர்களுக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். நாங்கள் கண்டு வந்தது ஒரு தகப்பனாரின் வீட்டை. எங்களுடன் வந்திருந்த எங்கள் தந்தையாரும், ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மொழி தெரியாத வடக்கே பிள்ளையையும் பேத்தியையும் நாடி வந்து சேர்ந்தவர். அதனால்தான் போலும், அங்கே கண்டவை எங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தன.

அடுத்தடுத்து இரண்டு வீடுகள் உள்ளன. பண்டித மோதிலால் நேரு 1900-ஆம் ஆண்டில் வாங்கி ஆனந்த பவனம் என்று பெயர் சூட்டியது பழைய வீடு. 1930-இல் அவர் அதைக் காங்கிரசுக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் அது ஸ்வராஜ் பவனம் ஆயிற்று. 1927-இல் கட்டி முடிந்த புதிய வீட்டிற்கு ஆனந்த பவனம் என்ற பெயர் சென்றது. அதனை இந்திரா காந்தி 1970-இல் நாட்டுக்கு வழங்கினார். இன்று அது பொருட்காட்சி நிலையமாக விளங்குகின்றது.

மோதிலால் தம் தகப்பனாரின் முகத்தைக் கண்டதில்லை. 1861-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் ஆக்ராவில் அவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தந்தையார் கங்காதரர் காலமாகிவிட்டார். வளர்த்து ஆளாக்கியவர் தமையனார் நந்தலால். அந்தத் தமையனாரும் 1887-இல் மறைய, பெரிய குடும்பத்தின் பாரம் முழுவதும் இளம் வக்கீலின் தோளில் விழுந்தது. தந்தையை அறியாது வளர்ந்தவர் தந்தையாவதற்கு எங்கே கற்றார் என்பது எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

சாந்த சொரூபியான தகப்பனார் அல்லர் அவர். அவருடைய சிரிப்பைப் போலவே கோபமும் ஊரறிந்தது. மேசைமேல் இருந்த இரண்டு பேனாக்களில் ஒன்றைச் சிறுவன் ஜவஹர் எடுத்துக்கொண்டான். ஒரே சமயத்தில் இரண்டு பேனாக்களால் எழுதவா போகிறார் என்பது அவன் நியாயம்! அகப்பட்டதும் விழுந்த அடிக்குப் பல நாள் களிம்பு தடவ வேண்டியிருந்ததாம். இதைச் சொன்னவர் அடிபட்ட மகனே, தம் சுயசரிதையில். ஆனால் அந்த மகனை 1905-இல் இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய பின், கடல் கடந்து அவர் எழுதிய கடிதங்களில் கோபத்தைவிட ஏக்கமே மிகுதி.

பிள்ளைகள் தந்தையின் வழியைப் பின்பற்றுவது உலக வழக்கம். இவ்வீட்டிலோ தந்தை மகனைப் பின்பற்றினார். 1919-இல் ஜவஹர்லால் காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் சேர முற்பட்டபோது அவர் உடன்படவில்லை. வாதாடினார், வருந்தினார். அந்நாட்களில் ஒருவருக்கும் தெரியாமல் அவர் தரையில் படுத்துப் பார்த்தார். மகன் சிறைக்குச் சென்றால் இப்படித்தானே உறங்க வேண்டும், அது எப்படி இருக்கும் என்று அறியும் ஆவல். மகனுக்கே இது பின்னர்தான் தெரிந்தது. மறு ஆண்டே பெரும் பொருள் ஈட்டித் தந்த வக்கீல் தொழிலைத் துறந்து தாமும் அவ்வழியிலேயே இறங்கிவிட்டார்.

இதை எங்கள் தந்தையாருக்குச் சொன்னோம். அவர் சிறிது நேரம் கண்ணாடிக்கு அப்பாலிருந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்து, "இந்த ஊர்க் குளிரில் தரை சில்லென்று இருந்திருக்குமே" என்றார். அவ்வளவுதான்.

1917 நவம்பர் 19-இல் பழைய வீட்டில் பேத்தி பிறந்தாள். தம் அன்னையார் இந்திராணியின் நினைவாக இந்திரா என்று பெயரிட்டார் பாட்டனார். 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதாயினர். வழக்கு விசாரணையின்போது நான்கு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே அமர்ந்திருந்தார் மோதிலால். அபராதம் கட்ட மறுத்தமையால் போலீசார் வீட்டுச் சாமான்களை எடுத்துச் சென்றனர். அப்பொழுது அவர்களைத் தடுத்துச் சண்டையிட்டவள் அந்தக் குழந்தையே. இதைக் கேட்ட எங்கள் பெண், "தாத்தா நாற்காலியைக் கூடவா எடுத்துப் போனார்கள்?" என்று கேட்டாள். எந்தெந்தச் சாமான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்!

1930-இல், உடல் நலிந்திருந்த நிலையில், நைனி சிறையில் மகனோடு சில வாரங்கள் இருந்தார். காலைத் தேநீர் முதல் இரவுப் படுக்கை வரை மகன் பணிவிடை செய்ததை வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறார். 1931 பிப்ரவரி 6-ஆம் நாள் லட்சுமணபுரியில் உயிர் பிரிந்தது. தேசியக் கொடி போர்த்திய உடலின் அருகே அமர்ந்து மகன் மோட்டாரில் அலகாபாத்திற்கு வந்தார். அன்று மாலையே கங்கைக் கரையில் தகனம் நடந்தது.

சில வாரங்கள் சென்று ஜவஹர்லால் ஓய்வுக்காக இலங்கைக்குப் போனார். நுவரெலியாவின் குளிர்ந்த காற்று அப்பாவின் உடம்புக்கு ஏற்றதாயிற்றே, வரவழைத்தால் என்ன என்று தோன்ற, அலகாபாத்துக்குத் தந்தி கொடுக்கவே முனைந்துவிட்டாராம். ஊர் திரும்பியதும் தபாலில் ஓர் உறை வந்தது. மேலே தந்தையின் கையெழுத்து. பல தபால் நிலையங்களின் முத்திரைகள். 1926 பிப்ரவரியில் மகன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன் பம்பாயில் கிடைக்கும்படி எழுதிய கடிதம் அது. வழி தவறி எங்கெங்கோ அலைந்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1931 கோடையில் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது, பயணம் போகும் மகனுக்குத் தந்தை கூறிய விடை.